நனையாத தோட்டத்துச் சத்தியம்

ஆவணி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை, தூவானப்பட்டியின் நூற்றுப்பத்து வீடுகள் மேலும், வீடுகளைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பூண்டுக் காடுகள் மேலும், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை மேலும், பஸ் திரும்புகிற இடத்தில் நின்றிருந்த பால் வண்டி மேலும் மழை கொட்டிக்கொண்டிருக்க, காத்துமேட்டில் கப்பலய்யாவின் தோட்டத்துக்குள் மட்டும் ஒரு சொட்டுகூட விழாமல் இருந்ததை முதலில் பார்த்தவள் அங்கே வேலை செய்யும் பஞ்சவர்ணம். பார்த்ததும் அவள் யோசித்தது, இதற்கு ஊர் யார் மேல் பழி போடும் என்று.

தலைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். கல்சுவரின் வாசலில் நின்றபோது முதுகில் மழை அடித்தது, முகத்தில் அடிக்கவில்லை. கையை முன்னால் நீட்டினாள், காய்ந்திருந்தது. பின்னால் நீட்டினாள், நனைந்தது. கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி சுவரை ஒட்டி மழை நின்றிருந்தது. அந்தப் பக்கம் சேறு, இந்தப் பக்கம் புழுதி. அண்ணாந்து பார்த்தால் மேகம் எல்லா இடத்திலும் ஒரே கருப்பாகத்தான் இருந்தது. சாக்கை உதறிச் சுவர் மேல் போட்டுவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு, முந்தின வாரம் பாதியில் விட்ட லாவெண்டர் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கப்பலய்யாவுக்குப் பத்திரத்தில் அலோசியஸ் பர்னாந்து என்று பெயர். தூத்துக்குடிக்காரர். முப்பது வருசத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் பார்த்தவர். மத்தியத் தரைக்கடல் ஓரத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நான்கு மாதம் கரையில் கிடந்தபோது, கல்லும் வெயிலுமான ஒரு சரிவில் யாரோ தண்ணீரே ஊற்றாமல் வளர்த்து வைத்திருந்த தோட்டத்தைப் பார்த்தவர், வேலையை விட்டதும் அதே மாதிரி ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து, கீழே வெக்கையில் அந்தச் செடிகள் பூக்காது என்று தெரிந்துகொண்டு, கடைசியில் இந்த மலைமேல் வந்து சேர்ந்தார். இங்கே குளிர் இருந்தது. கூடவே, ஆடியில் நின்ற ஆளைத் தள்ளிவிடும் காற்றும், தையில் புல்லைக் கருக்கும் உறைபனியும், ஐப்பசியில் விடாத மழையும் இருந்தன. ஊரில் ஒருவரும் உருளைக்கிழங்குகூடப் போடத் துணியாத அறுபது சென்ட் மேட்டை அவர் வாங்கியபோதே தூவானப்பட்டி அவரைச் சந்தேகப்பட்டது. பூண்டு போடாமல், கேரட் போடாமல், லாரி லாரியாகச் சரளைக்கல்லைக் கொண்டுவந்து கொட்டி, எரு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற மனிதனை வேறென்ன செய்வது? கஞ்சா என்றார்கள் சிலர். கீழேயிருந்து ஒரு போலீஸ்காரர் ஏறி வந்து, ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைக் கிள்ளி, நசுக்கி, மூன்று தடவை மோந்து பார்த்து, தைல வாசம் அடிக்குதே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்புறமும் சந்தேகம் போகவில்லை. பெயர் தெரியாத சந்தேகமாக அது ஊரில் தங்கிவிட்டது.

பஞ்சவர்ணம் அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருசமாகியிருந்தது. அவளை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சேர்ந்தாள்; அவரிடம் வேறு யாரும் வேலைக்கு வராததால் அவர் சேர்த்துக்கொண்டார். முதல் வருசம் முழுக்கச் சண்டைதான். வாடி நிற்கிற செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அவர் பார்க்காத நேரத்தில் ஒரு குடம் ஊற்றிவிடுவாள், ஒரு கூடை சாணி எருவைக் காலடியில் தள்ளிவிடுவாள், அந்தச் செடி ஒரு மாதம் கொழுகொழுவென்று வளர்ந்து அடுத்த மாதம் அடியோடு அழுகும்.

"இதுக குளிருக்குச் சாகாது பஞ்சவர்ணம், குளிர்ல காலு நனைஞ்சாத்தான் சாகும்," என்பார் அவர். "கேட்டியா? குளிரத் தாங்கும், காத்தத் தாங்கும், வறட்சியத் தாங்கும். ஈரம் ஒண்ணுதான் ஆகாது."

மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. மண்ணை முதுகு முதுகாக உயர்த்தி அதன் மேல் நடவேண்டும், மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்து ஓட வேண்டும். செடியின் கழுத்தைச் சுற்றி மண் தெரியாமல் சரளை பரப்ப வேண்டும். சித்திரை வைகாசியில் பூத்து முடிந்ததும் லாவெண்டரைப் பந்து மாதிரி வெட்டிவிட வேண்டும், ஆனால் கீழே பச்சை கொஞ்சம் மிஞ்ச வேண்டும், கட்டைக்குள் கத்தரி இறங்கினால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்காது. காற்றைச் சுவர் வைத்து நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அது சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே சுழலும். கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் ஓட்டை வழியாக நுழைந்து களைத்துப்போய்த் தரையோடு படுத்துவிடும். நடுவில் நிற்கிற ஒலிவ மரத்தைக் கம்போடு இறுக்கிக் கட்டக் கூடாது, கொஞ்சம் ஆடவிட்டால்தான் தண்டு பருக்கும். தை மாதம் சாயங்காலம் சாக்கைப் போர்த்தி, காலையில் பனி உருகினபின் எடுக்க வேண்டும். இப்படி ஒரு வருசத்து வேலையும் அவள் கைக்குள் வந்த பிறகு, அந்தத் தோட்டத்தில் சண்டையே இல்லாமல் போய், இரண்டு பேரும் பேசுவதும் குறைந்துபோனது.

அவளை ஊர் ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் ஒரு மடை. மேல் ஓடையில் ஊருக்குப் பொதுவாக ஒரு சின்ன அணை உண்டு, அதன் மடைப் பலகைக்குப் பூட்டு உண்டு, முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், சாவி வாரத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். நான்கு வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், ஓடை வற்றிக் கிடந்த நேரத்தில், ஊரே சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில் யாரோ மடையைத் திறந்து, அணை மொத்தமும் ஓடி வீணாகிப்போனது. அந்த வருசத்து விதைப் பூண்டு மண்ணுக்குள்ளேயே சுருங்கிவிட்டது. பூட்டு உடைபடவில்லை. சாவி அந்த வாரம் பஞ்சவர்ணத்தின் புருசன் சோலைமலை வீட்டில்தான் இருந்தது. கோயில் முன்னால் நின்று சத்தியம் செய் என்றார்கள். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குச் சூடத்த அணைக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவன், ஒரு மாதம் யாரும் பேசாத வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டான். முதல் இரண்டு வருசம் தீபாவளிக்கு வந்தான். அப்புறம் அதுவும் இல்லை.

பஞ்சவர்ணத்துக்கு மட்டும் யார் செய்தது என்று நிச்சயமாகத் தெரியும். முந்தின வாரம் சாவி ஒச்சப்பன் வீட்டில் இருந்தது. அவன் கள்ளச்சாவி செய்து வைத்திருப்பான். ஓடின தண்ணீரில் முதலில் நனைந்ததும் அவன் காடுதான். சத்தம் போட்டுப் பேசுகிற, சந்தையில் எல்லாரிடமும் சண்டை இழுக்கிற ஒச்சப்பனை அவள் நான்கு வருசமாகப் பார்த்த இடத்திலெல்லாம் முறைத்தாள். அந்த நான்கு வருசமும் அவளுக்கு ஆதரவாக இருந்தவன் அவள் அண்ணன் மாயழகு ஒருவன்தான். அரிசி மூட்டை இறக்கினான், ஓடு மாற்றினான், காய்ச்சல் வந்தபோது ஜீப் பிடித்துக் கீழே கூட்டிப் போனான், அதிகம் பேசமாட்டான்.

மழை விலகிய அன்று கப்பலய்யா டீ டம்ளரோடு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, சுவர் வரை நடந்து போய்க் கையை நீட்டிப் பார்த்து, திரும்பி வந்தார்.

"நல்லதாப் போச்சு. இந்த வருசம் வேரு அழுகாது," என்றார்.

"அய்யா, நம்ம தோட்டத்துக்குள்ள மட்டும் மழை பெய்யல."

"பாத்தேன். நாலு வருசமா அதுக்குத்தான பாடுபட்டோம்?"

இரண்டு வாரம் கழித்துத்தான் அவருக்குக் கவலை வந்தது. சரளையை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டார். ஒரு சாண் ஆழத்துக்கும் பொடிதான். வறட்சியைத் தாங்குகிற செடி என்றாலும் ஒரேயடியாகத் தண்ணீர் இல்லாமல் எதுவும் பிழைக்காது. பத்து நாளைக்கு ஒரு தடவை, இலையில் படாமல், அடியில், மெதுவாக, ஆழமாக ஊற்றச் சொன்னார். அப்படித்தான், ஊரே குடையும் சாக்குமாகப் போய்வருகிற கொட்டும் மழையில், பஞ்சவர்ணம் ஊற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு காத்துமேட்டில் ஏறுவதை ஊர் பார்த்தது. பார்த்த ஊர் சும்மா இருக்குமா?

முதலில் ஏறி வந்தவன் ஒச்சப்பன். சுவருக்கு வெளியே நின்று ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"இங்க விழ வேண்டிய மழை எங்க போவுது?" என்று கத்தினான். "என் காட்டுல ஒரு பங்கு கூடுதலா விழுது. பூண்டு பூராம் ஊறிக் கெடக்கு. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் கிழக்குச் சரிவுக்காரர்கள் வந்து, தங்கள் பக்கம் மழை குறைந்துவிட்டது என்றார்கள். ஆளாளுக்கு வாசலில் வாளி வைத்து அளந்தார்கள். பக்கத்து வீட்டு வாளியில் ஒரு விரல் கூடுதலாக இருந்தால் பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் எழுதிப்போட்டு, விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, மழைமானியைத் தோட்டத்துக்குள் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, கண்ணாடிக் குழாய் காலியாக இருப்பதைக் கண்டு, குழாயில் விரிசல் இருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார். மழை நிற்கிற கோடு நகர்கிறதா என்று பார்க்க இளவட்டங்கள் கோடு நெடுகக் குச்சி நட்டார்கள். கோடு நகரவில்லை. அது நகரவில்லையே என்பதும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த வருசம் புரட்டாசியில் அறுத்த பூண்டைக் காயவைக்க மூன்று நாள்கூட வெயில் கிடைக்கவில்லை. ஒச்சப்பனின் பெண்டாட்டி ரோசாப்பூதான் முதலில் துணிந்தாள். நனைந்த துணி மூட்டையோடு வந்து, யாரிடமும் கேட்காமல், கல்சுவரின் உள்பக்கம் விரித்துப் போட்டு, சாயங்காலம் மொறமொறவென்று எடுத்துப்போனாள். அடுத்த நாள் அவளே இரண்டு கட்டுப் பூண்டு கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் நாற்பது வீட்டுப் பூண்டு வந்தது. ரோஸ்மேரிக்கும் தைம் செடிகளுக்கும் நடுவே, சரளைப் பாதை நெடுக, மலைப்பூண்டு கட்டுக் கட்டாகக் காய்ந்தது. செடி மிதிபடாமல் இருந்தால் போதும் என்றார் கப்பலய்யா. யாருக்கு எந்த இடம் என்று பங்கு பிரிப்பது பஞ்சவர்ணத்தின் வேலையானது. நான்கு வருசம் முகம் பார்க்காதவர்கள் அவளிடம் வந்து, "இடம் ஒதுக்கித் தா பஞ்சு" என்றார்கள், ஒதுக்கித் தந்ததும் திரும்பிப் போகிற வழியில், அடுத்தவளுக்கு ஒரு முழம் கூடத் தந்துவிட்டாள் என்றார்கள். பூண்டு காய்ந்தது, உள்ளே வைத்த பூண்டை எல்லாரும் தினம் இரண்டு தடவை வந்து எண்ணிப் பார்த்தார்கள்.

மூக்குத்தி ஒன்றிலிருந்துதான் அடுத்தது ஆரம்பித்தது. துணி உலர்த்த வந்த இடத்தில் ஒருத்தி மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு, இன்னொருத்தியைக் கைகாட்டினாள். கைகாட்டப்பட்டவள் ஆத்திரத்தில் ஒலிவ மரத்தடியில் போய் நின்று, "நான் எடுத்திருந்தா இந்த எடத்துலயே என் தலையில மழை விழட்டும்!" என்று கத்தினாள். விழவில்லை. சுவருக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கு ஒன்று புரிந்துவிட்டது: தப்புச் செய்யாதவர்களைக் காத்துமேட்டு மழை தொடாது.

அப்புறம் ஒவ்வொரு வழக்காக மேட்டுக்கு ஏறியது. காணாமல்போன ஆடு, நகர்ந்துபோன எல்லைக்கல், பிரித்துப் படிக்கப்பட்ட ஒரு கடிதம், யாரோ யாரையோ பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவர் ஒலிவ மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பார், சத்தியம் சொல்வார், ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், அவர் காய்ந்த தலையோடு வெளியே வருவார். எல்லைக்கல்லை நகர்த்தியவனைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் இருந்தார்கள். அவனும் காய்ந்த தலையோடு வந்தான். ஊர் அந்த இரண்டு பேரைப் பொய்யர்கள் என்றது. ஐப்பசி முடிவதற்குள் தூவானப்பட்டியில் குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சவில்லை, பொய்ப்பழி போட்டவர்கள் மட்டும் நூறு பேர் இருந்தார்கள். கடையில் சாமான் வாங்கினால் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தார்கள். அடுத்தவர் வீட்டில் காப்பி குடிப்பதை நிறுத்தினார்கள்.

கப்பலய்யாவுக்கு இது பிடிக்கவில்லை. "மரத்தத் தொட்டுத் தொட்டுப் பட்டை தேயுது. அது செடி, கோர்ட்டு இல்ல," என்று முனகினார். பஞ்சவர்ணம் அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. தண்ணீர் ஊற்றும்போதும், செடிக் கழுத்தில் சேர்ந்த சருகைப் பொறுக்கும்போதும், அவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை, பூண்டு எடுக்க வந்த கூட்டத்தின் நடுவில், ஒச்சப்பனின் வழியை மறித்து நின்றாள்.

"மடைய யாரு தொறந்தான்னு மரத்தத் தொட்டுச் சொல்லுங்கண்ணே."

ஒச்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே போய், மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நான் தொறக்கல. கள்ளச்சாவி போடல. எனக்கு யாரு தொறந்தான்னும் தெரியாது. பொய்யின்னா விழட்டும்!"

வெளியே மழை அடித்து ஊற்றியது. உள்ளே லாவெண்டர் புதர்கள் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றன. ஒச்சப்பன் காய்ந்த தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, அவள் பக்கத்தில் ஒரு கணம் நின்றான்.

"நாலு வருசமா முறைச்சியே. இப்ப யாரத்தான் முறைக்கப் போற?"

ஊர் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. ஒச்சப்பன் இல்லையென்றால் சாவி வைத்திருந்தவன்தான். சோலைமலையைத் திருப்பூரிலிருந்து வரச் சொல், மரத்தடியில் நிற்கட்டும் என்றார்கள். அவள் போன் செய்தாள். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் தூரமாகக் கேட்டது.

"அன்னைக்கு நிக்கல. இன்னைக்கும் நிக்க மாட்டேன்," என்றான். அப்புறம், "நீ என்னைய நம்புறியா, இல்ல நீயும் மரத்தத்தான் நம்புறியா?" என்றான்.

அவளுக்குப் பதில் வரவில்லை. போன் அணைந்தபின்தான், பதில் வராமல் போனதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைத்தது. நான்கு வருசத்தில் ஒரு நாள்கூட அவனை அவள் சந்தேகப்பட்டதில்லை. ஒச்சப்பன் காய்ந்த தலையோடு வந்த இந்த ஆறு நாளில் பட்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மாயழகு கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவருதான் தொறந்திருப்பாரோ?" என்று கேட்டாள்.

மாயழகு விறகைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். "அதெல்லாம் விடு ஆத்தா. போன தண்ணி போயிருச்சு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடினது. சோலைமலை வராததே தீர்ப்பு என்று தலைவர் சொல்ல இருந்தார். குடைகளும் சாக்குகளுமாகச் சுவரைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள், மழை இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒலிவ மரத்தடிக்கு நடந்து போய், தேய்ந்த பட்டையின் மேல் கையை வைத்தாள்.

"அந்த மடையத் தொறந்தது நான்," என்றாள்.

மழைச் சத்தம் மட்டும் சுவரைச் சுற்றி வளையமாகக் கேட்டது.

"எம் புருசனுக்குத் தெரியாம, ஆணியில கெடந்த சாவிய எடுத்துட்டுப் போயி நான்தான் தொறந்தேன். எங்க காடு காயுதுன்னு தொறந்தேன். பொய்யின்னா விழட்டும்."

ஒரு சொட்டும் விழவில்லை. காய்ந்த தலையோடு நின்றுகொண்டு அவள் ஊரைப் பார்த்தாள். ஒரு கணத்தில் ஊர் நம்பிவிடும், நம்பினபின் தான் சிரித்துவிட்டு, இப்போது சொன்னது அத்தனையும் பொய், உங்கள் மரத்துக்குப் பொய்யும் தெரியாது மெய்யும் தெரியாது, ஒச்சப்பன் சொன்னதும் செல்லாது, யார் சொன்னதும் செல்லாது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ரோசாப்பூ காறித் துப்பினாள். "புருசன ஊரவிட்டு ஓடவிட்டுட்டு வாய மூடிட்டு இருந்தியாடி?" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கல் சுவருக்கு மேல் பறந்து வந்து சரளையில் விழுந்தது. இன்னொன்று அவள் தோளில் பட்டது.

"அவ இல்ல!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எல்லாருக்கும் பின்னால், குடையில்லாமல், தலைத்துண்டிலிருந்து தண்ணீர் ஒழுக மாயழகு நின்றிருந்தான்.

"அவ இல்லய்யா. கல்ல கீழ போடுங்க. அவ தொறக்கல."

"மரமே சொல்லிருச்சு. அவ இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஒச்சப்பன்.

மாயழகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தான். நூறு குடைகள் மெல்ல விலகி அவனைச் சுற்றி ஒரு இடம் உண்டானது. அந்த இடத்தில் மழை அவன் மேல் நன்றாக விழுந்தது. பஞ்சவர்ணத்துக்கு அப்போதே, அவன் சொல்வதற்கு முன்னாலேயே, அந்தச் சந்தை நாள் முழுசாகக் கண் முன்னால் வந்து நின்றது: காலையில் அண்ணன் சாவி தொங்கிய ஆணிக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்தது, அவள் குழம்பைச் சுட வைக்க எழுந்து போனது, சாயங்காலம் அவன் சந்தையிலிருந்து அவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தது, அதை வைக்கிற சாக்கில் நேராக அந்த ஆணிப் பக்கம் போனது.

"அரை மணி நேரந்தான்னு நெனச்சேன்," என்றான் மாயழகு, ஊரைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. "எங் காட்டுக் கெழங்கு பூராம் வாடிக் கெடந்துச்சு. கொஞ்சம் விட்டுட்டு மூடிரலாம்னு தொறந்தேன். பலகை எறங்கல பஞ்சு. எவ்வளவோ அமுக்கிப் பாத்தேன், எறங்கல. பயந்து சந்தைக்கு ஓடிட்டேன். வந்து சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மச்சான நிக்கவச்சுக் கேட்டுட்டிருந்தாங்க."

"தங்கச்சியக் காப்பாத்த இவன் பொய் சொல்றான்," என்றாள் ரோசாப்பூ. "உள்ள போயி மரத்தத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்க!"

ஆமாம், உள்ளே போகட்டும் என்று ஊர் கத்தியது. மாயழகு நகரவில்லை. பஞ்சவர்ணம் மரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்னத்துக்கு? நான் பொய்தான் சொன்னேன், நனைஞ்சேனா? அவன் நெசத்தச் சொல்றான், அவனும் நனைய மாட்டான். இந்த எடத்துல யாரு நின்னாலும் நனைய மாட்டாங்க. அவ்வளவுதான் இது."

எல்லைக்கல்லைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் தலையை நிமிர்த்திக்கொண்டார்கள்; நகர்த்தியவன் குடையைத் தாழ்த்திக்கொண்டான். தலைவர் தொண்டையைச் செருமி, மழை வலுக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஆனால் எப்போதும்போல் கூட்டமாக இறங்காமல், ஒவ்வொருவரும் முன்னால் போகிறவருக்கும் தனக்கும் நடுவே பத்தடி விட்டு இறங்கினார்கள். ஒச்சப்பன் கடைசியாகப் போனான். பஞ்சவர்ணம் அவன் முன்னால் போய்க் கும்பிட்டாள். "என்னை மன்னிச்சிருங்கண்ணே." அவன் தலையை ஆட்டிவிட்டு, "தோளுக்கு எண்ணெய் போடு," என்று சொல்லி நடந்தான்.

அந்தச் சாயங்காலமே அவள் திருப்பூருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். கடைசியாக, ஆறு நாள் அவனைச் சந்தேகப்பட்டதையும் சொன்னாள்.

"ஆறு நாள்தானா?" என்றான் அவன். "மாயழகு மச்சானா?" என்றான். அப்புறம், "அங்க இன்னும் மழையா?" என்று கேட்டான். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. தோட்டத்தில் மழை விழாதது யாருக்கும் பேச்சாக இல்லாமல்போனது. ஈரத்துணி மட்டும் வந்துகொண்டிருந்தது. தூங்கி எழுந்தால் புல் நுனியெல்லாம் வெள்ளை. மழையை விலக்கிய இடம் உறைபனியை விலக்கவில்லை. கப்பலய்யா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாக்குகளை எண்ணி எடுத்துக் கொடுத்தார். ஆட்கள் தொட்டுத் தேய்ந்த ஒலிவப் பட்டைக்குச் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாள் பஞ்சவர்ணம். பூண்டு மூட்டைகள் இழுபட்டுப் பாதையில் சரளை வெகுவாகக் குறைந்திருந்தது. செடிக் கழுத்துகளில் மண் தெரிந்தது.

ஒரு காலை, தூறலில், சுவருக்கு வெளியே மாயழகு நின்றிருந்தான். ஓடையில் அள்ளிய சரளை ஒரு மூட்டை அவன் முதுகில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றானோ, மூட்டையை இறக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. ஊரில் இப்போது அவனோடு பேசுவாரில்லை.

லாவெண்டர் வரிசையில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் பார்த்தாள். பொறுக்கிய சருகைக் கூடையில் போட்டாள்.

"உள்ள வாண்ணே. நனையிற," என்றாள்.

அவன் வந்தான். ரோஸ்மேரி வரிசையில் எந்தச் செடியிலிருந்து தொடங்க வேண்டும், எத்தனை விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும், தண்டில் படாமல் எப்படித் தள்ள வேண்டும் என்று அவள் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டான். அவன் குனிந்து கல்லைப் பரப்பத் தொடங்கியதும், லாவெண்டரின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து இந்தப் பக்கம் வந்து, அவன் இரண்டு கைகளும் தனக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து சருகு பொறுக்கினாள்.